பியரில் எத்தனை பேர்?

  பதிவு கொஞ்சம் நீளம். ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு வாரமாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. தலைமன்னார் பியரில் இப்போது எத்தனை குடும்பம், அதில் ‘உண்மையான ஊர் ஆக்கள்’ எத்தனை என்று சும்மாதான் தொடங்கியது. மூன்றாம் நாள் அது “புத்தளத்தாருக்கு இங்க என்ன கதை” என்பதில் வந்து நின்றது. புத்தளத்தில் இருக்கும் ஒருவர் விடவில்லை. “உங்கட மூத்தவாப்பா மட்டும் இங்கயா முளைச்சவர், அவரும் ராமநாதபுரத்தில இருந்து கப்பலேறி வந்தவர்தானே” என்று போட்டார். அதற்குப் பிறகு வந்த குரல் பதிவுகளை இங்கே எழுத முடியாது. அவற்றைப் போட்டவர்களில் சிலர் எங்களிடம் படித்த பிள்ளைகள்.

கேள்வி கேட்டது பிழையில்லை. ஊரில் எத்தனை பேர் என்று தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் இது எப்படி உண்டான ஊர் என்று தெரியாமல் தலையை எண்ணினால் கணக்கு பிழைக்கும்.

தலைமன்னார் என்று வெளியூரார் ஒரே பெயரில் சொன்னாலும், இங்கே கிராமம் வேறு, ஸ்டேசன் வேறு, பியர் வேறு என்பது எங்களுக்குத் தெரியும். கிராமம் பழையது. மீனும் பனையுமாக இருந்த இடம். பியர் அப்படியில்லை. அது 1914இல் பிறந்த ஊர். அந்த ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி அக்கரையில் பாம்பன் பாலத்தைத் திறந்தார்கள். இக்கரையில் மதவாச்சியில் இருந்து நேரியகுளம், செட்டிகுளம், மடு றோட், முருங்கன் என்று தண்டவாளம் வந்து, கடலைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்து, பேசாலையைக் கடந்து, கடல் தடுத்த இடத்தில் நின்றது. அங்கே இறங்குதுறை. அங்கிருந்து தனுஷ்கோடிக்கு நீராவிக் கப்பல், சுமார் 22 மைல். சென்னை எழும்பூரில் ஏறுகிறவர் ஒரே டிக்கட்டில் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். போட் மெயில் என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வது அதைத்தான்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விசயம் உண்டு. கப்பலுக்கு முன்னால், ஆதம் பாலத்து மணல் திட்டுகளின் மேலாகவே றெயில் பாதை போட்டு இரண்டு கரையையும் இணைக்கலாம் என்ற யோசனை வெள்ளைக்காரனிடம் இருந்தது. செலவைப் பார்த்துவிட்டுக் கைவிட்டான். கைவிட்டதால்தான் எங்கள் ஊர் உண்டானது. பாலம் போட்டிருந்தால் றெயில் நிற்காமல் மதவாச்சிக்குப் போயிருக்கும். சன்னல் வழியாகப் பார்க்கிறவனுக்கு இது நாலு பனைமரமும் ஒரு மணல்மேடும்தான். றெயிலில் இருந்து இறங்கிக் கப்பலில் ஏற வேண்டும், கப்பலில் இருந்து இறங்கி றெயிலில் ஏற வேண்டும் என்ற நிலை இருந்ததால் நடுவில் ஒரு ஊர் தேவைப்பட்டது. சுமை தூக்க ஆள் வேண்டும். சாமானைத் திறந்து பார்க்கச் சுங்கத்தார் வேண்டும். காய்ச்சல் பார்க்க டொக்டர், பாஸ் பார்க்க பொலிஸ், தந்தி அடிக்கத் தபால்காரர், கப்பல் பிந்தினால் இராத் தங்க இடம், தேத்தண்ணி, சோறு, தொழ ஒரு பள்ளி, கும்பிட ஒரு கோயில், ஒரு தேவாலயம்.

அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? எருக்கலம்பிட்டியில் இருந்து வந்தார்கள். பேசாலையில் இருந்து வந்தார்கள். அக்கரையில் இராமநாதபுரம் பக்கத்தில் இருந்து கப்பலேறி வந்தார்கள். தெற்கில் இருந்து சிங்கள றெயில்வே ஊழியர் மாற்றலாகி வந்தார்கள். தண்டவாளம் போட வந்து, போட்டு முடிந்த பிறகும் போகாமல் நின்றவர்களும் உண்டு. எங்கள் மூத்தவாப்பாமார் இந்தக் கதைகளைச் சொல்லும்போது யாரையும் ‘வந்தவன்’ என்று சொன்னதாக எங்களுக்கு ஞாபகம் இல்லை. எல்லாருமே வந்தவர்கள் என்றால் அந்தச் சொல்லை வைத்து யாரைத்தான் ஏசுவது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மற்றவர்களின் கண்ணீரில் பிழைத்த ஊர். மலையகத் தோட்டங்களுக்குக் கூட்டிவரப்பட்ட இலட்சக்கணக்கான மக்கள் மண்டபம் முகாமில் அடைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, இந்தத் துறையில்தான் இறங்கினார்கள். பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்தன. அந்தப் பேச்சில் அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த இருபது வருடம், வந்த அதே வழியால் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே பிள்ளை பெற்று, பார்த்தே இராத ஊருக்குப் போனவர்கள். கப்பல் புறப்படும்போது துறையில் எழும் அழுகையைக் கேட்ட பெரியவர்கள் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்த நாட்களில் கடைகளில் வியாபாரம் நன்றாக நடந்தது என்பதையும் அவர்களே சொல்வார்கள். அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஊர், 1990இல் தானே அழுதுகொண்டு கடலில் இறங்கியது.

அதே 1964இல், டிசம்பர் 22 இரவு, புயல். அக்கரையில் தனுஷ்கோடிக்குள் நுழைந்துகொண்டிருந்த பயணிகள் றெயிலைக் கடல் அப்படியே எடுத்துக்கொண்டு போனது. நூறு பேருக்கு மேல் அதில் மட்டும் மௌத்தானார்கள். தனுஷ்கோடி அதற்குப் பிறகு ஊராக எழும்பவே இல்லை. இன்று போய்ப் பார்ப்பவர்கள் இடிந்த ஸ்டேசன் சுவருக்கும் தேவாலயச் சுவருக்கும் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். எங்கள் ஊரும் அதுவும் ஒரே கப்பலின் இரண்டு முனை. அந்த முனை செத்துவிட்டது, இந்த முனை தப்பியது. கப்பல் இராமேஸ்வரத்துக்குத் திரும்பியது. ‘இராமானுஜம்’ கப்பலை ஞாபகம் வைத்திருக்கும் காக்காமார் இந்தப் பதிவுக்குக் கீழே கட்டாயம் எழுதுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

1984இல் கப்பல் நின்றது. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்க, றெயிலும் நின்றது. கப்பலும் இல்லை, றெயிலும் இல்லை. றெயிலால் உண்டான ஊருக்கு அதற்கு மேல் என்ன வேலை? இருந்தும் சனம் இருந்தது. அந்த ஒக்டோபர் கடைசியில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். யாழ்ப்பாணத்தில் சில மணித்தியாலம், மன்னாரில் சில நாட்கள் என்று தவணையில்தான் வித்தியாசம். தீவில் இருந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். வடக்கு முழுவதிலும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். இதை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை; தெரியாத பிள்ளைகள் உம்மும்மாவிடம் கேளுங்கள், அவர்கள் இருக்கும்போதே.

ஆனால் அதே 1990இல் எங்கள் அயல் வீட்டுத் தமிழ்ச் சனமும் இதே கரையில் இருந்து இரவோடு இரவாக அக்கரைக்கு வள்ளம் ஏறியது. அவர்களைக் கொண்டுபோய் வைத்த இடங்களில் ஒன்று மண்டபம் முகாம். நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன்னர் இலங்கைக்கு வருகிறவர்களை அடைத்து வைத்த அதே முகாம், இலங்கையில் இருந்து ஓடி வந்தவர்களுக்கு அகதி முகாம் ஆனது. இன்றைக்கும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் பகுதி அப்படியென்றால் ஊரே இரண்டாகப் பிரிந்து ஒன்று தெற்கே புத்தளத்துக்கும் ஒன்று வடமேற்கே மண்டபத்துக்கும் போனது. நடுவில் மணலும் கடற்படையும் மிச்சம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 1981 குடிசன மதிப்பீட்டில் மன்னார் மாவட்டத்தில் ஒரு இலட்சத்து ஆறாயிரம் பேர் இருந்தார்கள். அதில் கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலாக முஸ்லிம்கள். இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் நூற்றுக்கு பதின்மூன்று பேர். அடுத்த மதிப்பீடு 1991இல் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. 2001இல் நடந்தது வடக்கில் முழுமையாக நடக்கவில்லை. ஆகவே முப்பத்தொரு வருடம் கழித்து, 2012இல்தான் எங்களை ஒழுங்காக எண்ணினார்கள். அப்போது மாவட்டத்தில் இருந்தது ஒரு இலட்சத்துக்கும் குறைவு. முஸ்லிம்கள் ஆறில் ஒரு பங்கு. இந்தியத் தமிழர் என்று சொன்னவர்கள் சில நூறு பேர் மட்டும்.

நாட்டில் பெரும்பாலான மாவட்டங்கள் பெருகிய முப்பது வருடத்தில் எங்கள் மாவட்டம் சுருங்கியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஒருவர் குழுவில் எழுதுகிறார்: “கணக்கே சொல்லுது, இவங்க இங்க கொஞ்சப் பேர்தான்.” தம்பி, அந்தக் கணக்கு சொல்வது அந்த நாளில் யார் எங்கே இருந்தார்கள் என்பதை. யாருக்கு எங்கே வீடு, யாருடைய வாப்பா எந்த மையவாடியில் அடங்கியிருக்கிறார், யாரை எந்தக் கதவில் தட்டி வெளியே போகச் சொன்னார்கள் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பாடசாலையில் எங்களுக்குச் சேர்வு இடாப்பு என்று ஒன்று இருக்கிறது. மேசையில் வைத்து மெதுவாகப் புரட்டிப் பார்த்தால் இந்த ஊரின் முழுச் சரித்திரமும் அதில் கிடக்கிறது. பிள்ளையின் பிறந்த இடம் புத்தளம், கற்பிட்டி, கொழும்பு. நிரந்தர முகவரி தலைமன்னார். ஜனவரியில் சேர்ந்த பிள்ளை மே மாதம் விடுகைப் பத்திரம் கேட்கிறது. வாப்பா இங்கே கடலுக்குப் போகிறார், உம்மா அங்கே மூத்த மகளின் சாதாரண தரப் பரீட்சைக்காக நிற்கிறார். அடுத்த வருடம் அந்தப் பிள்ளை திரும்பி வரும். அப்போது தங்கையும் வரும், தம்பி அங்கே நிற்பான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தை முப்பது வருடம் இரண்டு இடத்தில் வாழ வைத்தால் அது இரண்டு இடத்திலும்தான் வேர் விடும்.

ஆனால் பாடசாலைக்கு ஆசிரியர் தருவது தலையை எண்ணித்தான். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவு. ஆசிரியர் குறைந்தால், “அங்க கணக்கு டீச்சர் இல்லையாம்” என்று இருக்கிற பிள்ளையையும் புத்தளத்துக்கு அனுப்புகிறார்கள். பிறகு இன்னொரு ஆசிரியருக்கு இடமாற்றம் வருகிறது. ஓர் அலுவலகத்தில் நாங்கள் இதைச் சொல்லப் போனபோது, “உங்கட ஊர்ச் சனம் எங்க இருக்குதென்று முதல்ல நீங்களே முடிவெடுங்க” என்றார் மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர். கோபம் வந்தது. வெளியே வந்து யோசித்தபோது, அதைச் சொல்ல அவருக்கு இடம் கொடுத்தது எங்கள் வட்ஸ்அப் குழுதான் என்றும் பட்டது.

புத்தளத்தில் இருப்பவர்களுக்கு ஊர் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் 2019 நவம்பர் 16ஐ மறந்துவிட்டார்கள். சனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்தில் இருந்து மன்னாருக்கு வாக்களிக்க வந்த பஸ்கள் மீது விடியற்காலையில் தந்திரிமலைப் பக்கத்தில் சுட்டார்கள், கல்லெறிந்தார்கள், றோட்டில் டயர் கொளுத்தினார்கள். அல்லாஹ்வின் காவலால் உயிர்ச்சேதம் இல்லை. அந்தச் சனம் திரும்பிப் போகாமல் மன்னாருக்கு வந்து வாக்குப் போட்டது. ஒரு வாக்குக்காகத் துப்பாக்கிச் சூட்டைத் தாண்டி வந்தவனைப் பார்த்து, நீ எந்த ஊர் என்று கேட்க எங்களுக்கு வாய் வருமா?

அதே நேரம் அந்தப் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. வீட்டுத் திட்டத்தில் வீடு எடுத்து, பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய் நாலு வருடம் எட்டிப் பார்க்காத வீடுகள் ஊரில் இருக்கின்றன. வளவில் எருக்கலை முளைத்து, கூரைக்குள் கழுதை படுக்கிறது. (மன்னார்க் கழுதைக்கு எந்தக் கட்சியும் இல்லை, திறந்த வீடு எல்லாம் அதன் வீடுதான்.) நிவாரணம் வந்தால் வருவது, தேர்தல் வந்தால் வருவது, பிறகு காணாமல் போவது என்றால் இங்கே வெயிலில் கிடப்பவனுக்கு எரிச்சல் வராதா? வரும். பெருநாள் லீவுக்காவது பிள்ளைகளைக் கூட்டி வந்து பத்து நாள் அந்த வீட்டில் இருங்கள். கடலைக் காட்டுங்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. றெயில் 2015 மார்ச் 14ஆம் திகதி திரும்பி வந்தது. இந்தியப் பிரதமர் நேரே வந்து கொடியசைத்தார், நாங்களும் பிள்ளைகளைக் கூட்டிப் போய் வெயிலில் நின்றோம். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு வந்த றெயில். கப்பலும் வரும் என்று அன்றே பேச்சு. 2023 ஜூலையில் இரண்டு நாடும் வெளியிட்ட அறிக்கையில் இராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் இருந்தது, 2024 டிசம்பர் அறிக்கையிலும் இருந்தது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 ஒக்டோபரில் ஓடத் தொடங்கிவிட்டது, இடையிடையே நின்றாலும் ஓடுகிறது. எங்களுடையது பேச்சில் இருக்கிறது. ஆனால் பேச்சு வந்தவுடனே காணி விலை கேட்டு வான் வரத் தொடங்கிவிட்டது. தென்கரையில் 2020இல் முப்பது காற்றாலை எழும்பியது. அடுத்தது இல்மனைட் மணல் என்றார்கள். சனம் றோட்டுக்கு வந்தது. இந்தத் தீவு யாருக்கோ தேவைப்படுகிறது என்பது மட்டும் நிச்சயம்.

றெயில் ஊர் என்பதே பிறர் கையில் இருக்கிற ஊர். நாகபட்டினத்தில் பெரிய றெயில்வே பட்டறை இருந்தது. 1920களில் அதைத் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலைக்கு மாற்றினார்கள். வேலை போன இடத்துக்குச் சனமும் போனது. இங்கே ஊர் மெலிந்தது, அங்கே புது ஊர் எழும்பியது. எங்கோ ஒரு கந்தோரில் போடும் கையெழுத்து. 1914இல் எங்களைக் கேட்காமல் ஊரை உண்டாக்கினார்கள், 1984இல் கேட்காமல் கப்பலை நிறுத்தினார்கள். நாளைக்குக் கப்பலுக்குப் பதிலாகக் கடலுக்கு மேல் பாலம் என்று முடிவெடுத்தால் அதையும் கேட்காமல்தான் எடுப்பார்கள். பாலம் வேண்டும் என்று குழுவில் கைதட்டுகிற தம்பிமார், வாகனம் தலைமன்னாரில் எதற்காக நிற்கும் என்று ஒரு தரம் யோசியுங்கள். எங்களுக்குத் தேவை கப்பல். ஆட்கள் இறங்க வேண்டும், நடக்க வேண்டும், தேத்தண்ணி குடிக்க வேண்டும்.

அந்தக் கப்பல் வரும் நாளில் துறைக்குப் பக்கத்துக் காணி யார் கையில் இருக்கும் என்பதுதான் எங்கள் பயம். புத்தளத்தில் மகளுக்குக் கலியாணம் முடிக்க, கடன் அடைக்க, பியர்க் காணியை வந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். “நாங்க இனி எங்க அங்க போகப் போறம்” என்ற ஒரு வசனத்தோடு உறுதி கை மாறுகிறது. அந்த வசனத்தை அவர்கள் வாயில் போட்டது யார்? “புத்தளத்தாருக்கு இங்க என்ன கதை” என்று கேட்டவர்கள்தான். இன்றைக்கு அவரை விரட்டினால் நாளைக்கு உங்கள் வேலிக்குப் பக்கத்தில் வரப்போவது உங்களை யாரென்றே தெரியாத ஒரு கம்பனி. அதோடு எந்தக் குழுவில் சண்டை பிடிப்பீர்கள்?

ஆகவே எங்கள் அபிப்பிராயம் இது. சரியில்லை என்றால் கீழே எழுதுங்கள், மரியாதையாக எழுதுங்கள். ஊரின் ஆட்தொகையை அரசாங்கம் எண்ணுகிறபடி எண்ணட்டும். நாங்கள் எங்களுக்கென்று ஒரு ஊர் இடாப்பு எழுதி வைக்க வேண்டும். 1990 ஜூன் மாதம், றெயில் நின்ற அன்று, பியரிலும் ஸ்டேசனிலும் கிராமத்திலும் எந்த வீட்டில் யார் இருந்தார்கள்? முஸ்லிம் வீடு, கத்தோலிக்க வீடு, சைவ வீடு, றெயில்வே குவாட்டர்ஸில் இருந்த சிங்களக் குடும்பம், இந்திய பாஸ்போட்டோடு இருந்த கிழவன், ஒன்றையும் விடாமல். இப்போது அவர்கள் எங்கே? புத்தளமா, மண்டபமா, கொழும்பா, கனடாவா, கபுறா? ஒவ்வொரு பெயருக்கும் நேரே எழுத வேண்டும். பள்ளி நிர்வாகமும் பங்குத்தந்தையும் கோயில் சபையும் ஒன்றாக இருந்து செய்தால்தான் இது சரி வரும். முஸ்லிம் பெயர்களை மட்டும் எழுதினால் அது இன்னொரு அரைக் கணக்கு. அதைக் கொண்டுபோய் எந்த மேசையில் வைத்தாலும் பாதி மரியாதைதான் கிடைக்கும். முழு இடாப்பு கையில் இருந்தால் பாடசாலைக்குப் பேசலாம், வாக்காளர் இடாப்புக்குப் பேசலாம், காணிக்குப் பேசலாம். கப்பல் பேச்சு வரும்போது ஊர் சார்பாகப் போய் உட்காரலாம்.

தொடக்கத்துக்கு நாங்கள் இரண்டு கொப்பி வாங்கியிருக்கிறோம், ஒன்று இங்கே, ஒன்று புத்தளத்தில். றெயில்வேயில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள், போர்ட்டர்மாரின் பிள்ளைகள், துறையில் கடை வைத்திருந்தவர்கள் முதலில் பெயர் கொடுங்கள். பழைய சம்பளச் சீட்டு, கப்பல் டிக்கட், கூப்பன் அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், 1990க்கு முந்திய கல்யாணப் படம் எது இருந்தாலும் படம் பிடித்து அனுப்பலாம். காணி உறுதியைப் பொதுக் குழுவில் போட வேண்டாம், நேரில் காட்டினால் போதும். தமிழ் வீடுகளுக்கு நாங்களே வருகிறோம், ஞாயிறு பூசை முடிந்த பிறகு. அக்கரையில் இருக்கும் உங்கள் உறவுகளின் பெயர்களை அதற்குள் கேட்டு வையுங்கள். இங்கே இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி வராந்தாவுக்கு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் அஸர் வரை இருப்போம்.